கண்ணின் அகலம்

திருப்பூர்க்காரர் டம்ளரைக் கவிழ்த்து
அடியில் செய்தித்தாள் கொடுத்து
அலுங்காமல் மாடியிறங்கி வந்தார்.
ஏழாம் எண் அறை. தலையணை ஓரத்தில் பிடித்ததாம்.
என் மேசையில் வைத்துவிட்டு
முழங்கையைக் காட்டினார்:
மூன்று தடிப்பு, வரிசையாக,
மலைரயில் பெட்டிகள்போல.

முதலாளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
"மூட்டைப்பூச்சிதான்.
யார் மூட்டையில் வந்ததென்றும் தெரியும்."

தவமலர் பின்பக்கம் கம்பளி உதறிக்கொண்டிருந்தாள்.
எஸ்டேட் லயத்திலிருந்து
தினமும் ஒரு துணிப்பையோடு வருகிறவள்.
கொட்டிக் காட்டச் சொன்னார்.
தூக்குச்சட்டி, ஸ்வெட்டர், ரேஷன் அட்டை,
பாதி பின்னிய குழந்தைத் தொப்பி.
தொப்பியை மட்டும் அவர் கையில் எடுக்காமல்
பேனாவால் புரட்டினார்.
நாலு மணி பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டார்.
நாளைக்கு வந்து கணக்கு முடித்துக்கொள்.

நான் விலங்கியலில் மூன்று தாள் பாக்கி வைத்தவன்.
குன்னூரில் அதற்குச் சம்பளம் கிடையாது.
ஆனாலும் பூச்சியென்றால் என்னிடம்தான் வருவார்கள்.

தேனிலவு ஜோடி ஒன்று அலறிக்கொண்டு காட்டியது
கம்பள வண்டு. முதுகில் மூடி, மூடிக்குள் சிறகு;
ஜன்னலுக்குப் பறந்து
அதுவே வழக்கை முடித்துவைத்தது.
ஒரு ஆடிட்டர் கொண்டுவந்தது கரப்பான் குஞ்சு,
உடம்பைவிட நீண்ட மீசையோடு.
இன்னொன்றுக்கு எண்ணினேன், எட்டுக் கால்:
வாசல் நாயின் உண்ணி.
மழை மாதங்களில் லெட்ஜருக்குள் ஊரும்
வெளிறிய புத்தகப்பேனுக்கு
நம் ரத்தம் எதற்கு, பூஞ்சை போதும்.

இது அப்படியில்லை.
ஆறு கால். சிறகில்லை. ஆப்பிள் விதை நிறம்.
பட்டினி கிடந்த தட்டை.
நானும் சொல்லியிருப்பேன், அதேதான் என்று.

போன் காமிராவின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்.
கழுத்துப்பட்டையின் ஓரத்தில் மயிர் தெரிந்தது.
மூட்டைப்பூச்சிக்கு அது குட்டை.
அதன் கண்ணின் அகலத்துக்கு மேல் நீண்டிருந்தால்
வேறு சாதி: வௌவால் மூட்டை.

நீண்டிருந்தது.

போன வாரம்தான் கூரை ஓட்டைகளை
முதலாளி தகரம் அடித்து மூடினார்.
நாற்பது வௌவால் ஒரே ராத்திரியில் இடம் பெயர்ந்தன.
அவற்றை நம்பிக் குடியிருந்தவை
பலகை இடுக்கு வழியாக
ஏழாம் எண்ணுக்கு இறங்கியிருக்கின்றன.

போனைக் காட்டினேன்.
"மயிரா?" என்றார் முதலாளி.
திருப்பூர்க்காரர் சொறிவதை நிறுத்தவில்லை.
"எதுவானாலும் கடிச்சது கடிச்சதுதானே தம்பி,
பாதிப் பணத்தைக் கொடுங்க."
கொடுத்தோம்.
நாலு மணி பஸ் அதற்குள்
இரண்டாவது வளைவைத் தாண்டியிருக்கும்.

ராத்திரி, பனி இறங்கியபின்,
மாடிப்படிக்கு அடியில் என் கட்டில்.
சும்மாதான் மெத்தைத் தையலைப் பிரித்துப் பார்த்தேன்.
மிளகுத்தூள் சிந்தினாற்போல் கரும்புள்ளிகள்.
கழற்றிப் போட்ட தோல் இரண்டு.
ஒன்று நகர்ந்தது.
நசுக்கவில்லை;
அழுகிய கொத்தமல்லி நாற்றம் விடியும்வரை போகாது.
தண்ணீர்ச் சொட்டு. கழுத்து. கண்.
மறுபடி கண்.

குட்டை.

பொங்கலுக்கு மேட்டுப்பாளையம் போய்
அக்கா வீட்டில் நாலு நாள் படுத்துவிட்டு வந்த பை
கட்டிலடியில் வாய் பிளந்து கிடந்தது.
அதை யாரும் கொட்டிக் காட்டச் சொல்லவில்லை.

தீப்பெட்டிக்குள் இரண்டையும் விட்டேன்,
நடுவே சிகரெட் அட்டையைத் தடுப்பாக வைத்து.

எட்டரை மணி.
தவமலர் குடையை மடக்கிக்கொண்டு படியேறுகிறாள்.
இன்றைக்குப் பை இல்லை,
தொப்பியும் ஊசியும் கையிலேயே இருக்கின்றன.
முதலாளி நோட்டைப் புரட்டுகிறார்.
"சில்லறை இருக்கா பார்" என்கிறார் என்னிடம்.

சட்டைப்பைக்குள் கை விடுகிறேன்.
முதலில் தட்டுப்படுவது
தீப்பெட்டி.